ஹோட்டல் தொழிற்பயிற்சியும் இடம்பெயர்ந்தோர் பிள்ளைகளும்

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களிடையே இப்போது ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "பிள்ளையை ஹோட்டல் பயிற்சிக்கு அனுப்பலாமா?" என்பதே அது. சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திய மகன், உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகள், மற்றவர் தோட்டத்தில் கூலிக்குக் கொத்திவிட்டு வரும் தம்பி என்று வீட்டுக்கு வீடு ஓர் ஆள் இருக்கின்றார். பயிற்சி நெறிகள் பற்றிய அறிவித்தல்கள் பிரதேச செயலகத்தின் பலகையிலும் சந்திக் கடைச் சுவரிலும் ஒட்டப்படுகின்றன. பெற்றோர் வாசிக்கின்றனர், யோசிக்கின்றனர், எம்மிடமும் கேட்கின்றனர்.

இது பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சுக்கள் உண்டு. "இனித் தோட்டம் எதற்கு? உல்லாசப் பயணத்துறைதான் எதிர்காலம்" என்பது ஒன்று. "எங்கள் பிள்ளைகள் போய்ப் பிறருடைய எச்சில் கோப்பையைக் கழுவுவதா?" என்பது மற்றது. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. பிள்ளைகளை அனுப்பலாம் என்பதே எமது கருத்து. ஆனால் என்ன பயிற்சி, என்ன சான்றிதழ், என்ன சம்பளம் என்று கேட்டறிந்தே அனுப்ப வேண்டும். அதே வேளை, இழந்த காணிக்கு ஈடாக இப்பயிற்சியை எவர் நீட்டினாலும் அதை அவ்வாறு வாங்கக் கூடாது. இவ்விரண்டையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வருவோர் கால் வைக்கும் மண்

போர் 2009 இல் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது; 2015 சனவரியில் காங்கேசன்துறை வரை ஓடியது. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனா காரணமாக 2020 இல் நின்றுபோன சென்னை விமான சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விடப்பட்டது.

வருவோரும் பல திறத்தவர். நயினாதீவு நாகவிகாரைக்கு வரும் தென்னிலங்கை யாத்திரிகர், நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் பாடசாலை விடுமுறையிலும் வரும் புலம்பெயர்ந்த எமது உறவினர், இந்தியாவிலிருந்து வருவோர், கோட்டையையும் நூலகத்தையும் நெடுந்தீவையும் பார்க்க வரும் வெள்ளையர் எனப் பலர். யாழ் நகரில் மாடி மாடியாக ஹோட்டல்கள் எழுந்துள்ளன. ஊர்களில் பழைய நாற்சார் வீடுகள் கூட விருந்தினர் விடுதிகளாகின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புகைவண்டிப் பாதையின் முடிவிடம் காங்கேசன்துறை. விமானம் இறங்குவது பலாலி. கப்பல் அணைவதும் காங்கேசன்துறை. மூன்றும் வலிகாமம் வடக்கில் இருக்கின்றன. 1990 ஜூனில் உடுத்த உடுப்புடன் எமது மக்கள் விட்டு ஓடிய மண் அது. பயணி முதற் கால் வைக்கும் இடத்தில் எங்கள் வெங்காயத் தறைகள் இருந்தன. அந்த மண்ணுக்கு உரித்தான குடும்பத்தின் பிள்ளை அதே பயணியின் பெட்டியைத் தூக்குவதோடு நின்றுவிடுமா, அல்லது அத்தொழிலில் மேலே வருமா என்பதே எம்முன் உள்ள பிரச்சினை.

தோட்டம் தெரியாத பிள்ளைகள்

கமம் புத்தகத்தில் படிக்கும் தொழிலன்று. பாத்தி கட்டுவதும், தண்ணீர் மாறுவதும், வெங்காயத்துக்கு எப்போது தண்ணீரை நிறுத்துவது என்பதும், புகையிலைக்கு எப்போது கெட்டு முறிப்பது என்பதும் தகப்பனின் பின்னால் நடந்து பழகுபவை. செம்மண் தோட்டமும் கிணறும் இருந்தால்தான் அதைப் பழக்கலாம். மல்லாகம், கோணாப்புலம், சுன்னாகம் பகுதிகளில் இருந்த முகாம்களில் பிறந்த பிள்ளை எந்தத் தோட்டத்தில் பழகும்? முகாமில் பிறந்தோர் இன்று தாமே பிள்ளை பெற்றுவிட்டனர். மூன்றாம் தலைமுறை வளர்கின்றது.

2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியை இராணுவத் தேவைக்கு எடுப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர் உறுதிகளுடன் நீதிமன்றம் சென்றனர். 2015 தொடக்கம் பகுதி பகுதியாகக் காணிகள் விடப்பட்டு வந்துள்ளன. மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் விடப்பட்டது. ஆயினும் எல்லாக் காணியும் விடப்படவில்லை. விடப்பட்ட இடங்களிலும் வீடு இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, வளவு காடாகிவிட்டது. திரும்பிப் போனவர்களுக்கு முதல் வேண்டும். அதுவரை வீட்டில் ஒருவராவது மாதச் சம்பளம் கொண்டுவர வேண்டும். இந்த நெருக்கடியில்தான் ஹோட்டல் பயிற்சி பற்றிய கேள்வி எழுகின்றது.

கமக்காரக் குடும்பத்தில் ஒருவர் சம்பள வேலைக்குப் போவது எமக்குப் புதிதன்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 ஆம் ஆண்டில் தொடங்கிய பின்னர் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களில் தமையன் தொழிற்சாலையிலும் தம்பி தோட்டத்திலுமாக வாழ்ந்ததை முதியோர் அறிவர். சம்பளம் கிணற்றுக்கு இயந்திரம் வாங்கியது. தோட்டம் வீட்டுக்குச் சோறு போட்டது. தொழிற்சாலை வந்ததென்று எவரும் தோட்டத்தை விற்கவில்லை.

கோப்பை கழுவுதல் இழிவா?

ஹோட்டல் வேலையை எமது சமூகம் தாழ்வாகப் பார்ப்பது உண்மை. இதன் அடியில் சாதி எண்ணமும் இருக்கின்றது என்பதை மறைத்துப் பயனில்லை. சமைப்பதும் பரிமாறுவதும் துணி வெளுப்பதும் அறை கூட்டுவதும் "இன்னார் செய்யும் வேலை" என்று பிரித்து வைத்த பழக்கம் எங்களுடையது.

ஆனால் 1980 களிலும் 1990 களிலும் வெளிநாடு போன எமது பிள்ளைகள் பலர் முதலில் செய்த வேலை எது? சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் இலண்டனிலும் உணவுச்சாலைகளின் பின்கட்டில் கோப்பை கழுவினர். அக்காசு வந்துதான் இங்கே தங்கைமாரின் கலியாணம் நடந்தது. கோயில்களுக்குத் தேர் செய்யப்பட்டது. கழுவத் தொடங்கியவர்களில் பலர் பின்னர் சமையற்காரராயினர். சிலர் சொந்தமாக உணவகம் திறந்தனர். பனிக்குளிரில் செய்தால் கௌரவம், பருத்தித்துறை வீதியில் செய்தால் அவமானம் என்று சொல்வது நியாயமா?

வேலையில் இழிவு இல்லை. வேலை வாங்கும் முறையில் இழிவு இருக்கலாம். சம்பளச் சிட்டை கொடுக்காமல், விடுமுறை கொடுக்காமல், "டேய்" என்று கூப்பிட்டு வேலை வாங்கும் இடத்தில் எந்த வேலையும் அடிமை வேலைதான். வேலை தெரிந்தவனிடம், அதை எழுத்தில் காட்டக்கூடியவனிடம், அப்படி வேலை வாங்குவது கடினம். தொழிற்பயிற்சியின் பெறுமதி இதிலேயே தங்கியிருக்கின்றது.

பயிற்சியில் என்ன இருக்கின்றது?

ஹோட்டல் தொழிலில் பிரதானமாக நான்கு பகுதிகள் உள்ளன: வரவேற்புப் பகுதி, அறைப் பராமரிப்பு, உணவு பரிமாறல், சமையல். பெரிய ஹோட்டல்களில் இவற்றுடன் கணக்கு, களஞ்சியம், மின்சாரத் திருத்தம், தோட்டப் பராமரிப்பு என்பனவும் சேரும். நமது நாட்டில் இதற்கான முதல் அரசாங்கப் பாடசாலையாக இலங்கை ஹோட்டல் பாடசாலை 1964 இல் கொழும்பில் தொடங்கப்பட்டது. அதுவே இன்று இலங்கை உல்லாசப் பயண, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனமாக உள்ளது. தொழிற் பயிற்சி அதிகார சபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை என்பனவும் தனியார் நிலையங்களும் தொண்டு நிறுவனங்களும் இத்துறையில் பயிற்சி வழங்குகின்றன.

பெற்றோர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது "தேசிய தொழிற் தகைமை" என்ற சொல்லை. என்.வி.கியூ. என்று சுருக்கமாகச் சொல்வர். இதில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்குச் சமம். மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ் பெற்ற பிள்ளை யாழ்ப்பாணத்து வேலையை விட்டு நீர்கொழும்புக்குப் போனாலும், மாலைதீவுக்கோ வளைகுடா நாட்டுக்கோ போனாலும், அத்தாளைக் காட்டலாம். நிலைய அதிபர் கையொப்பமிட்ட வெறும் "பங்குபற்றிய சான்றிதழ்" ஊர் எல்லையைத் தாண்டாது.

ஏற்கெனவே ஏதாவது உணவகத்தில் சில வருடம் வேலை செய்த பிள்ளைக்கும் வழியுண்டு. வேலையில் பழகிய திறமையைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கின்றது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதனைக் கூறுவர். தோசைக்கல்லின் முன் ஐந்து வருடம் நின்ற பெடியன் மீண்டும் வகுப்பில் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர் மற்றவருக்குச் சொல்லுங்கள்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. வரவேற்புப் பகுதிக்கும் பரிமாறலுக்கும் ஆங்கிலம் வேண்டும். தெற்கிலிருந்து வருவோர் தொகை பெரிது. ஆகவே சிங்களமும் வேண்டும். இவ்விரண்டையும் கற்பிக்காத நிலையம் எமது பிள்ளையைப் பின்கட்டிலேயே நிறுத்திவிடும். முன்பகுதி வேலைகளுக்கு வெளி மாவட்டத்தவரைக் கொண்டுவந்துவிட்டு, "உங்கள் ஆட்களுக்கு மொழி தெரியாதே" என்று சொல்வதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

சேருமுன் கேட்க வேண்டியவை

பயிற்சி என்ற பெயரில் நடப்பவை எல்லாம் பயிற்சி அல்ல. இரண்டு கிழமை வகுப்பு, ஒரு தொப்பி, ஒரு புகைப்படம் என்று முடிந்தவை உண்டு. பணியிடப் பயிற்சி என்று சொல்லி ஆறு மாதம் சம்பளமில்லாமல் வேலை வாங்கிவிட்டு, பின் அடுத்த தொகுதிப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஆகவே பின்வருவனவற்றைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

முதலாவது, நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா, பாடநெறி என்.வி.கியூ. எந்த மட்டம்? பதிவு இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பணியிடப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம், எத்தனை மணி நேரம்? கொடுப்பனவு என்ன? சாப்பாடு, பயணச் செலவு எவர் பொறுப்பு? முகாமிலிருந்தோ தூரத்து ஊரிலிருந்தோ வரும் பிள்ளை பஸ் காசு இல்லாமலேயே பாதியில் நிற்கின்றது. கற்பித்தல் இலவசம் என்றால் மட்டும் போதாது.

மூன்றாவது, முன்னர் பயின்றவர்கள் இன்று எங்கே வேலை செய்கின்றனர்? நல்ல நிலையம் இரண்டு மூன்று பேருடைய பெயரைச் சொல்லும். அவர்களின் பெற்றோரைக் கண்டு பேசுங்கள்.

நான்காவது, வேலையில் சேரும்போது நியமனக் கடிதம் உண்டா? தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 சனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். 30,000 ரூபா சம்பளமென்றால் பிள்ளையிடமிருந்து 2,400 ரூபா கழியும். முதலாளி தம் கையிலிருந்து 4,500 ரூபா போட வேண்டும். இது ஒருவரின் கருணையன்று, சட்டம். சிறிய விடுதியென்று சொல்லித் தப்ப முடியாது.

ஐந்தாவது, சேவைக் கட்டணம் எப்படிப் பிரிக்கப்படுகின்றது? விருந்தினரின் பற்றுச்சீட்டில் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்க்கப்படுவது வழமை. அது ஊழியர்களுக்குப் பங்கிடப்பட வேண்டிய காசு. நல்ல ஹோட்டலில் வருவோர் கூடிய மாதத்தில் இப்பங்கு கணிசமான தொகையாகும். ஆள் வராத மாதத்தில் சுருங்கிவிடும். கூடிய மாதத்துக் கணக்கை வைத்துக் கடன்படக் கூடாது.

வயது பற்றியும் கவனம் தேவை. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது சட்டவிரோதம். குடும்பக் கஷ்டத்தைக் காட்டிப் பள்ளியிலிருந்து நிறுத்தி அனுப்புவது அப்பிள்ளையின் மீதி வாழ்வை விற்பதாகும்.

பெண்பிள்ளைகள் விடயம்

பெண்பிள்ளைகளை ஹோட்டலுக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனர். இராணுவக் காவலரண்களுக்கு நடுவே குமர்ப்பிள்ளைகளை வளர்த்த தாய்மாரின் அச்சத்தைப் பழைமைவாதம் என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. அந்த அச்சம் அனுபவத்தில் வந்தது. ஆனால் அச்சத்தால் கதவைச் சாத்தினால், போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தலைமை தாங்கும் பெண்ணின் மகள் எங்கே போவாள்? கொழும்புக்கு ஆடைத் தொழிற்சாலைக்கோ, மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்கோ போகத்தான் செய்கின்றாள். வீட்டிலிருந்து போய் வரக்கூடிய வேலை அவற்றைவிட மோசமானதென்று எப்படிச் சொல்லலாம்?

அச்சத்தை நிபந்தனையாக மாற்றுவோம். இரவு வேலை முடிந்தால் வீட்டு வாசல் வரை ஹோட்டல் வாகனம் வர வேண்டும். உடுப்பு மாற்றப் பூட்டக்கூடிய அறை வேண்டும். அறைப் பராமரிப்புக்குத் தனியே ஒரு பெண்ணை அனுப்பாது இருவராக அனுப்ப வேண்டும். விருந்தினரோ மேலதிகாரியோ தகாத முறையில் நடந்தால் எவரிடம் முறையிடுவது என்று முதல்நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். முறையிட்டவளின் வேலை போகக் கூடாது. இவற்றை ஒரு தாய் தனியே கேட்டால் சிரிப்பார்கள். இருபது தாய்மார் மாதர் சங்கமாகப் போய்க் கேட்டால் பதில் சொல்வார்கள்.

பிற இடங்களில் நடந்தவை

எம்மைப் போலவே போரால் சிதைந்த நாடு கம்போடியா. அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து மக்கள் வரும் நகரம் சியெம் ரீப். அந்நகரைச் சுற்றியுள்ள கிராமங்களோ வறுமையில் கிடந்தன. அங்கே 2002 இல் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் சாலா பாய் என்னும் ஹோட்டல் பாடசாலையைத் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு வருடப் பயிற்சி, கட்டணம் இல்லை, தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டுக்கே ஆட்கள் போய்க் குடும்ப நிலையைப் பார்த்துத் தெரிவு செய்கின்றனர். பாடசாலையுடன் ஓர் உணவகமும் விருந்தினர் அறைகளும் உண்டு. உண்மையான விருந்தினர் வந்து காசு கொடுத்து உண்கின்றனர். பிள்ளைகள் அங்கேயே பழகுகின்றனர்.

வியட்நாமின் ஹனோய் நகரில் 1999 இல், தெருப்பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கத் தொடங்கிய சிறிய கடையொன்று கோட்டோ என்ற பயிற்சி உணவகமாக வளர்ந்தது. இரண்டு வருடப் பயிற்சியின் முடிவில் அவுஸ்திரேலியத் தொழிற்கல்லூரி ஒன்றின் அங்கீகாரத்துடன் சான்றிதழ் கிடைக்கின்றது. தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு வெளிநாடு ஏற்கும் தாள். நமது நாட்டிலும் 2006 இல் சிகிரியாவுக்கு அருகே வில் உயன ஹோட்டலைத் திறந்த நிறுவனம், அயற்கிராமத்து இளைஞருக்கு ஆங்கிலமும் ஹோட்டல் வேலையும் கட்டணமின்றிக் கற்பித்து வேலைக்கு எடுத்தது. ஆகவே "கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது வராது" என்று யாழ்ப்பாணத்து ஹோட்டல்காரர் எவரும் சொல்ல முடியாது.

இவ்விடங்களில் ஏழைப் பிள்ளையை முதலில் தேடிப் போயினர். பின் போதிய காலம் பயிற்றினர். முடிவில் மதிப்புள்ள சான்றிதழோ நிலையான வேலையோ கையில் கொடுத்தனர். எம்மிடையே இயங்கும் தொண்டு நிறுவனங்கள், திருச்சபை நிறுவனங்கள் உட்பட, இவ்வளவுகோலால் தம்மை அளந்து பார்க்க வேண்டும். எத்தனை பேர் பயிற்சி பெற்றனர் என்று அறிக்கையில் எழுதுவது இலகு. இரண்டு வருடம் கழித்து எத்தனை பேர் அத்தொழிலில் நிற்கின்றனர் என்று எழுதினாலே அது கணக்காகும்.

ஒரே பயிரை நம்பலாகாது

1970 களில் வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வராது தடுக்கப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நன்றாக உழைத்தனர். 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டது. விலை விழுந்தது. எமது கையில் இல்லாத ஒரு தீர்மானம் எமது தோட்டத்தை எப்படித் தாக்கும் என்பதை அன்று கண்டோம்.

உல்லாசப் பயணத்துறை அதைவிடவும் நொய்மையானது. 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்து 33 ஆயிரம் பயணிகள் வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், 2020 இல் கொரோனா என்று அடுத்தடுத்து வந்தன. 2021 இல் வந்தோர் 1 இலட்சத்து 94 ஆயிரம் பேர் மட்டுமே. 2022 இல் எரிபொருளும் மின்சாரமும் இல்லாத நெருக்கடி. பின்னர் மெல்லத் தலைநிமிர்ந்து 2024 இல் 20 இலட்சத்து 53 ஆயிரம் ஆனது. சியெம் ரீப் நகரமும் கொரோனாக் காலத்தில் வெறிச்சோடிக் கிடந்தது. வேலை இழந்தவருக்குக் காணி இருந்தால் அது கைகொடுக்கும்; காணியற்றவருக்கு அதுவும் இல்லை.

ஆகவே ஹோட்டல் வேலை குடும்பத்தின் ஒரு காலாக இருக்கட்டும். மற்றக் கால் மண்ணில் ஊன்றட்டும். பருவமும் இதற்கு ஒத்து வருகின்றது. எமது நகருக்குக் கூட்டம் வருவது ஆடி, ஆவணியில். நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழாவுடன் அது உச்சமடையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹோட்டல்கள் ஓய்ந்திருக்கும்போது வயலில் காலபோக நெல் வளர்ந்துகொண்டிருக்கும். குத்தகைக்கேனும் ஒரு துண்டு நிலம் வைத்திருக்கும் குடும்பம் இவ்விரண்டையும் பிணைத்துக்கொள்ளலாம்.

காணியும் ஹோட்டலும்

போர் முடிந்தபின் காங்கேசன்துறைக் கடற்கரையில், உரிமையாளர் உள்ளே போக முடியாதிருந்த வலயத்தில், இராணுவம் தல்செவன என்ற உல்லாச விடுதியை நடத்தியது. தெற்கிலிருந்து வந்தோர் தங்கி நீராடிப் போயினர். காணிக்காரர் சில மைல் தூரத்தில் முகாமில் இருந்தனர். அபிவிருத்தி என்பது எவருக்கு என்ற கேள்விக்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இனி ஒருவேளை "உங்கள் காணியில் ஹோட்டல் வரும், உங்கள் பிள்ளைக்கு அதில் வேலை தருவோம்" என்று எவரும் வரக்கூடும். அரசாங்கமும் வரலாம், வெளிநாட்டிலிருந்து எமது இனத்தவரே முதலீட்டாளராகவும் வரலாம். பயிற்சி பெறுவது இந்நாட்டுப் பிரசை என்ற முறையில் பிள்ளையின் உரிமை. காணி உறுதிப்படி குடும்பத்தின் உரிமை. ஒன்றைக் கொடுத்து மற்றதை எடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. பயிற்சிப் படிவத்தில் கையொப்பமிடுங்கள். காணி பற்றிய ஒரு வரி அதில் இருந்தாலும் இடாதீர்கள். வாசித்து விளங்கிக்கொள்ள முடியாவிட்டால் ஆசிரியர் ஒருவரிடமோ சட்டத்தரணியிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.

காணியுள்ளோருக்கு ஹோட்டலால் வேறொரு நன்மையும் உண்டு. பயணி யாழ்ப்பாணத்துக்கு வருவது வெள்ளைக்காரச் சாப்பாட்டுக்காக அல்ல. ஒடியற் கூழ், நண்டுக்கறி, முருங்கைக்காய்க் கறி, பிட்டு, கறுத்தக் கொழும்பான் மாம்பழம் என்று கேட்டு வருகின்றார். இவற்றைச் சமைக்கும் அறிவு எமது தாய்மாரிடம் இருக்கின்றது. விளைவிக்கும் அறிவு தகப்பன்மாரிடம் இருக்கின்றது. பயிற்சி நிலையங்கள் கிராமத்துத் தாய்மாரைச் சமையல் ஆசிரியர்களாக அழைத்துச் சம்பளம் கொடுக்கட்டும். ஹோட்டல்கள் மரக்கறியைத் தம்புள்ளையிலிருந்து இறக்காமல் இங்குள்ள கமக்காரர் சங்கங்களிடம் வாங்கட்டும். சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று வெட்டுவதைப் பற்றி எமது கமக்காரர் எத்தனை காலமாக முறையிடுகின்றனர்! ஹோட்டல் விருந்தினரின் கணக்கில் 10 வீதம் கூட்டப்படுகின்றது; அவர் உண்ணும் கத்தரிக்காயை விளைவித்தவனின் கணக்கில் 10 வீதம் வெட்டப்படுகின்றது. சங்கமாகச் சேர்ந்து ஹோட்டலுக்கு நேரே கொடுத்தால் இவ்வெட்டு நிற்கும். ஹோட்டலுக்குள் எமது பிள்ளை ஒருவர் களஞ்சியத்திலோ சமையற்கட்டிலோ பொறுப்பில் இருந்தால், அந்த வாசல் திறப்பது இன்னும் இலகுவாகும்.

செய்யக்கூடியவை

ஒவ்வொரு ஊரிலும் முகாமிலும் பெற்றோர் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு சிறு குழுவாகுங்கள். பயிற்சிக்குப் போன பிள்ளைகளின் பெயர், நிலையம், சான்றிதழ் மட்டம், இப்போது எங்கே வேலை, சேமலாப நிதி கட்டப்படுகின்றதா என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துப் பாருங்கள். எந்த நிலையம் நல்லது, எந்த இடத்தில் வேலை வாங்கிவிட்டு ஏமாற்றுகின்றனர் என்பதை அக்கொப்பி சொல்லும். சேமலாப நிதி கட்டாத இடத்தைத் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். யாழ்ப்பாணத்திலும் அதன் அலுவலகம் உண்டு.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். முதல் வருடம் கோப்பை கழுவுவது வெட்கமில்லை. ஐந்தாவது வருடமும் அதே இடத்தில் நிற்காதீர்கள். மொழியைப் படியுங்கள், அடுத்த மட்டச் சான்றிதழுக்குப் போங்கள், சம்பளச் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். விடுமுறை நாளில் தகப்பனுடன் போய்த் தோட்டத்தில் நில்லுங்கள். தோட்டம் இல்லாதவர்கள், அது எங்கே இருந்தது, அதன் எல்லை எது, கிணறு எந்த மூலையில் இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். காணி விடுபடும் நாளில் எல்லைக்கல்லைக் காட்ட ஆள் வேண்டும். தாத்தாமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கின்றனர்.